தடாகத்தின் முதல் மணித்தியாலம்

அந்த மனிதனின் காதைப் பிடித்து நான் முறுக்கியது உண்மை. தலைமுடியைப் பிடித்து இழுத்தேன் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அவன் தலையில் பிடிப்பதற்கு முடியே இருக்கவில்லை, ஆகவே அது பொய். செருப்பால் அடித்தேன் என்பதும் பொய். என் செருப்பு அதற்கு முன்னரே சனத்தின் கால்களுக்குள் எங்கோ போய்விட்டது. காலில் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

இவ்வளவும் நடந்தது ஒரு விளையாட்டுப் பூங்காவின் வாசலில். பிள்ளைகள் சந்தோசமாக இருக்கவென்று கட்டிய இடம். வாசலில் ஒரு சீமெந்து யானை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கும். அந்த யானையின் காலடியில்தான் நாங்கள் இரத்தம் வர அடிபட்டோம்.

விளையாடுகிற வயதா உனக்கு, அங்கே என்ன வேலை என்று என் தங்கை கூடக் கேட்டாள். நான் விளையாடப் போகவில்லை. என் கணவரின் கால்களுக்காகப் போனேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், ஊர்காவற்றுறைக் கடற்கரைச் சனம். இவர் கடலட்டைக்குச் சுழியோடியவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கி, சேற்றில் கிடக்கிற அட்டையைப் பொறுக்கிக்கொண்டு வருகிற தொழில். ஒரு நாள் கீழே நெடுநேரம் நின்றுவிட்டு, காற்று முடியப்போகிறது என்று கண்டதும் விறுவிறென்று மேலே வந்திருக்கிறார். அப்படி வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டிவிடுமாம். டொக்டர் பிறகு சொன்னது. படகில் ஏறியவர், தன் முதுகில் யாரோ கோடரியால் கொத்துகிறான் என்று கத்தியிருக்கிறார். கரைக்குக் கொண்டுவந்து மணலில் கிடத்தியபோது கத்தல் நின்றுவிட்டது. நான் அவருடைய தொடையில் கிள்ளினேன். பிறகு அறைந்தேன். பிறகு இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு குத்தத் தொடங்கினேன். படகுக்காரர்கள் என்னைப் பிடித்து இழுக்கும்வரை குத்தினேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எனக்கோ அடிக்கிறீர்?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்காகக் கிடந்தோம். கால்களில் கொஞ்சம் பலம் திரும்பி வந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிற அளவுக்கு வந்தது, கால் எடுத்து வைக்கிற அளவுக்கு வரவில்லை. அங்கே கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர் சொன்னார்: நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்தி நடக்கப் பழக்குங்கள், தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கும், விடாமல் செய்தால் நடை வரலாம், விட்டால் தசை கரைந்துபோகும். தண்ணீருக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

முதல் நாளே கடலில் இறக்கினேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ அசைந்தார், நானும் குருடி மாதிரி சந்தோசப்பட்டேன். கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து சக்கர நாற்காலியில் ஏற்றிய பிறகுதான் கண்டேன், இரண்டு பாதமும் மட்டிச் சிப்பியில் கிழிந்து தொங்குகிறது. சதை தெரிகிறது. இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஏன் நிக்கிறீர், தள்ளுமன்" என்கிறார். அந்தப் புண் பழுத்து, ஒரு விரலைக் கழற்றித்தான் ஆளைக் காப்பாற்றினார்கள். இனிக் கடலில் கால் வைத்தால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். கத்தி என்ன பயன்? பிறந்ததிலிருந்து தண்ணீருக்குள் கிடந்த மனிதனுக்குத் தண்ணீர் இல்லை என்றாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் பூங்காவைத் திறந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு முதலாளி, காடு பற்றிக் கிடந்த காணியை வாங்கி, சறுக்கு, ராட்டினம், அலையடிக்கும் தடாகம் என்று கட்டினார். எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது ஆழம் குறைந்த தடாகம். வழுக்காத தட்டையான ஓடு பதித்த நிலம். நெஞ்சளவு நல்ல தண்ணீர். சுவரோடு நெடுகிலும் பிடித்துக்கொண்டு போகக் கம்பி. சிப்பியும் இல்லை, முள்ளும் இல்லை, திருக்கையும் இல்லை. அதைக் கண்ட அன்று அங்கேயே நின்று அழுதேன்.

காணிக்கு ஊர் எதிர்ப்புக் காட்டக்கூடாது என்று முதலாளி பொதுக் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்: தீவுச் சனத்துக்குக் குறைந்த விலையில் ஒரு வருடப் பாஸ். நடக்க ஏலாதவர்களுக்கு அதிலும் பாதி, துணைக்கு வருபவருக்கும் அதே பாதி. நாங்கள் முதல் ஆளாகப் போய் எடுத்தோம். முதல் வருடம் அந்தத் தடாகம் எங்கள் வீட்டுக் குசினி மாதிரி இருந்தது. காலையில் போனால் நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் தெரிந்த முகம். வேலணையிலிருந்து ஒரு அக்கா வருவார், வெங்காயத் தோட்டம் செய்கிற வீட்டுக்காரி, வாய் என்றால் என்னை விட நீளம். அவருடைய கிணறு உப்பாகி வருடக் கணக்காகிறது. சறுக்கையும் பார்க்கமாட்டார், ராட்டினத்தையும் பார்க்கமாட்டார். தடாகத்தில் ஒரு முழுக்கு, பிறகு குழாயின் கீழ் நின்று சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணீரில் ஆசை தீரக் குளியல். தோலில் உப்புப் பூக்காமல் ஒரு நாள் இருக்கிறதுக்குத்தான் பாஸ் எடுத்தனான் என்று சொல்லிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். நாங்கள் எல்லாம் அப்படித்தான். விளையாட வந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடக்கத் தொடங்கினார். முதலில் நான் குனிந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். பிறகு காலே தன்பாட்டில் வந்தது. கம்பியை விட்டால் சரிந்துவிடுவார், ஆனாலும் நடை நடைதான்.

பிறகு யாரோ ஒருவன் சறுக்கிலிருந்து விழுகிற வீடியோவைப் போனில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். நயினாதீவுக் கோயிலுக்கு வந்த சனத்தின் பஸ்கள் எல்லாம் அங்கே திரும்பின. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் வந்தன. ஆவணி பிறந்தால் வெளிநாட்டுச் சனம், கலியாண வீடு முடித்த கையோடு வாடகை வான் பிடித்து வந்து இறங்கும். தடாகத்தில் தண்ணீரை விடச் சனம் கூட. தண்ணீரின் நிறம் பின்னேரத்துக்குள் கஞ்சி மாதிரி ஆகிவிடும். கொள்ளுமா என்று பார்க்காமல் ரிக்கெற் கொடுத்தார்கள், பிறகு சனம் ஒன்றையொன்று தின்னத் தொடங்கியது. ஒரு ரப்பர் வளையத்துக்காக இரண்டு தகப்பன்மார் சறுக்கின் படியில் நின்று மூஞ்சியில் குத்திக்கொண்டதை என் கண்ணால் கண்டேன். ஒருவனுடைய பல் கழன்று தடாகத்துக்குள் விழுந்தது. தண்ணீரில் இரத்தம் நூல் மாதிரி ஓடியது. ஒருவராவது வெளியே வரவேண்டுமே! வெளியே வந்தால் இடம் போய்விடும் என்று இரத்தத்தைக் கையால் தள்ளி விட்டுவிட்டு நின்றார்கள். இன்னொரு நாள் உடுப்பு மாற்றும் அறைக்காகச் சண்டை பிடித்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் விரலை மற்றவள் கதவிடுக்கில் வைத்து நெரித்தாள். அந்த அலறலை ஸ்பீக்கரில் போன பாட்டு விழுங்கிவிட்டது.

சனம் கூடக் கூட விலையும் கூடியது. கூட்டம் கூடினால் எங்களுக்குக் கிடைப்பது குறைகிறது, விலையாவது குறைய வேண்டாமா? முதலில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தீவுப் பாஸ் செல்லாது என்றார்கள். நாங்கள் சத்தம் போட்டதும், செல்லும், ஆனால் கூடக் கட்ட வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் பாஸின் விலை ஏறியது. அதற்கடுத்த முறை ஏறியபோது எங்கள் வீட்டில் பால்மா நின்றது. இன்னொரு முறை ஏறியபோது என் காதிலிருந்த தோடு போனது. பிறகு பொன் நிறப் பட்டி ஒன்று கொண்டுவந்தார்கள். அதைக் கையில் கட்டியவருக்கு வரிசையே இல்லை, எல்லாருக்கும் முன்னால் போகலாம். எங்கள் கையில் நீலப் பட்டி. எங்கள் உப்புக் கிணறுகளுக்குப் பக்கத்தில் கட்டிய தடாகத்தில் நாங்கள் நீலப் பட்டிக்காரர் ஆனோம். அந்தப் பொன் பட்டியைக் காணும்போதெல்லாம் எனக்கு மண்டைக்குள் இரத்தம் ஏறும்.

இருந்தும் விடவில்லை. ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். வாசல் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனால், மற்றச் சனம் உடுப்பு மாற்றி, சறுக்குக்கு ஓடி, பசியெடுத்து, கடைசியாக ஆழம் குறைந்த தடாகத்துக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த ஒரு மணித்தியாலம் இவருக்கு. அதற்குப் பிறகு இறங்கினால் யாராவது ஒருவன் மோதி ஆளைத் தண்ணீருக்குள் விழுத்திவிடுவான். ஆகவே முதல் மணித்தியாலம் கிடைத்தால் நடை உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

முதல் ஆளாக நிற்பதற்கு நாங்கள் வாளி வைத்தோம். இதைத் தீவுக்கு வெளியே உள்ளவருக்குச் சொல்லித்தான் விளங்க வைக்க வேண்டும். கோடையில் எங்கள் சந்திக்குத் தண்ணீர் பவுசர் வரும். எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. வெயிலில் நின்று சாக ஏலாது, அதனால் வாளியை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்போம். வாளி நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. காணிச் சண்டையில் வெட்டுக் குத்து வரை போன குடும்பங்கள் கூட ஒன்றின் வாளியை மற்றது தொடாது. வாளியைத் தள்ளினவனுக்கு அதன் பிறகு ஊரில் மரியாதை இல்லை. பூங்காவிலும் அப்படியே செய்தோம். குளிக்கிற சாமானோடு வாளியைக் கொண்டுபோய் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, வீதிக்கு அந்தப் பக்கம் பூவரசு நிழலில் இருப்போம். வாளியைக் காண்கிற எவனும் அதை ஆளாகத்தான் எடுப்பான் என்று நினைத்தோம். உலகம் முழுக்க நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தது என்று எங்களுக்கு ஒரு எண்ணம்.

அன்று ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பாஸ் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. புது விலையை வாசலில் ஒட்டியிருந்தார்கள். நான் என் வாளியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன், அடுத்தது வேலணை அக்காவின் வாளி. இவரை நாற்காலியோடு நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஒரு பஸ்ஸும் இரண்டு வானும் வந்து நின்றன. ஒரே குடும்பம், வெளிநாட்டுச் சனமும் இங்கேயுள்ள உறவும் கலந்த கூட்டம். இறங்கின வேகத்தில் வாளிகளை உதைத்து ஓரத்தில் குவித்தார்கள். சவர்க்காரப் பெட்டி றோட்டில் உருண்டது. கட்டைக் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட மொட்டைத் தலைக்காரன் ஒருவன் என் வாளியை எடுத்தான், அதற்குள் இருந்த துவாயை நிலத்தில் கொட்டினான், வாளியைக் கவிழ்த்தான், அதற்கு மேல் குந்தினான்.

நான் வீதியைத் தாண்டினது எனக்கு ஞாபகமில்லை.

"எழும்புங்கோ அண்ணை. அது என்ர வாளி."

"வாளிதானே அக்கா. இருந்தால் என்ன குறைஞ்சுபோகும்?"

"அது வாளியில்லை, என்ர மனுசனுக்கு வைச்ச இடம். அந்தா நிழலில இருக்கிறார், அவர் நடக்க ஏலாதவர். முதல் போனால்தான் இறங்கலாம்."

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். பொன் பட்டி. "நாங்கள் காசு கட்டி இதை எடுத்தனாங்கள். எங்களுக்கு லைனே இல்லை."

"லைன் இல்லாட்டி லைன் வாளிக்கு மேல ஏன் குந்தியிருக்கிறீர்?"

"இஞ்ச, நானும் தீவான்தான். எனக்கு உந்த வாளிக் கதை சொல்லவேண்டாம். அதெல்லாம் அந்தக் காலம்."

அதுதான் என்னைக் கொளுத்தியது. தெரியாதவன் குந்தினால் மன்னிக்கலாம். இவன் தெரிந்துகொண்டு குந்தினான். என் தலையில் ஏறிக் குந்தினது போல இருந்தது. வாளியை ஓங்கி உதைத்தேன். அவன் மல்லாந்து விழுந்தான், கண்ணாடி பறந்தது. எழும்பி வந்து என் நெஞ்சில் தள்ளினான். நான் யானையின் காலில் போய் மோதினேன், பின் தலை வெடித்தது, கழுத்தால் சூடாக வழிந்தது. அப்போதுதான் அவன் காதைப் பிடித்தேன். பிடித்து முறுக்கினேன், கையோடு வந்துவிடும் என்று நினைத்தேன், வந்தால் வரட்டும் என்றும் நினைத்தேன். அவனுடைய ஆட்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள், யாரோ என் மணிக்கட்டைக் கடித்தார்கள். வேலணை அக்கா, "விடாதையும்! விடாதையும்!" என்று கத்திக்கொண்டு தன் வாளியைச் சுழற்றி வந்தவன் போனவன் எல்லாருக்கும் அடித்தார். வாளி பிளந்துபோன பிறகு கைபிடிக் கம்பியால் அடித்தார். ஒரு பெண்ணுக்கு உதடு கிழிந்தது. நீலப் பட்டியும் பொன் பட்டியும் ஒன்றாக நிலத்தில் உருண்டன. காவலாளி விசில் ஊதிக்கொண்டு நின்றான், கிட்ட வரவில்லை.

இந்த அமளிக்குள் இவர் என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார். தானே சில்லைக் கையால் உருட்டிக்கொண்டு வீதியைத் தாண்டி வந்தவரை யாரோ இடித்து நாற்காலியோடு கவிழ்த்துவிட்டார்கள். அதே நேரம் சனத்தைக் கலைக்கவென்று எண்ணி வாசலைத் திறந்தான் அந்த மடையன் காவலாளி. சண்டையை விட்டுவிட்டு எல்லாரும் உள்ளே ஓடினார்கள். இவருக்கு மேலாக ஓடினார்கள். முதுகில் மிதித்தார்கள், கையில் மிதித்தார்கள். நான் போய் அவருக்கு மேல் படுத்தேன். என் முதுகிலும் மிதித்தார்கள். பிள்ளைகளின் சின்னக் கால்களும் இருந்தன அதில், அதுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

சனம் போன பிறகு நாற்காலியை நிமிர்த்தி இவரை ஏற்றினோம். நெற்றியும் முழங்கையும் உரசி இரத்தம். அவருடைய கண்ணை நான் பார்க்கவில்லை.

"வீட்டை போவம்," என்றேன்.

"இல்லை. என்னை உள்ளுக்குக் கொண்டு போம்."

"முதல் மணித்தியாலம் போயிட்டுது. இனி இறங்க ஏலாது. சாகப் போறியளோ?"

"தண்ணிக்கு வந்தனான். இறங்காமல் வரமாட்டன்."

விபத்துக்குப் பிறகு இந்த மனிதன் எதையும் வேண்டுமென்று கேட்டதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் பேசாமல் இருப்பார். அதனால் தள்ளிக்கொண்டு போனேன்.

தடாகத்தில் தலைக்கும் தலைக்கும் நடுவில் இடமில்லை. எப்படியோ இறக்கி, கம்பியைப் பிடிக்க வைத்து, சனத்துக்கும் அவருக்கும் நடுவில் காவலாக நின்றேன். என் தலைக் காயம் தண்ணீர் பட்டு எரிந்தது. முழங்கைகள் குத்தின, பந்து வந்து முகத்தில் அடித்தது, ஒருவன் இவருடைய தோளை மிதிபடியாக்கி மேலே ஏறினான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி, இன்னோரடி என்று நகர்ந்தார். அப்போது மேலே விளிம்பில் அந்த மொட்டைத் தலைக்காரன் வந்து நின்றான். என் விரல்கள் பதிந்த காது தீக்கொள்ளி மாதிரிச் சிவந்திருந்தது. முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குண்டு மாதிரி பாய்ந்தான். நேரே இவருடைய தலைக்கு மேல் விழுந்தான்.

கவனிக்காமல் பாய்ந்ததாகப் பிறகு சொன்னான். இருக்கலாம். எனக்கு இன்றுவரை நம்பிக்கை இல்லை.

இவரைக் காணவில்லை. கம்பியில் கை இல்லை. நான் கத்தினேன், ஸ்பீக்கரில் பாட்டு அதை விடப் பெரிதாகக் கத்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கால்கள், கால்கள், எங்கும் கால்கள். ஒரு குதிக்கால் என் மூக்கில் உதைத்தது. யாருடைய தொடையையோ நகத்தால் கிழித்து விலக்கினேன். ஓடு பதித்த நிலத்தில் இவர் குப்புறக் கிடந்தார், ஒருவன் அவர் முதுகில் நின்றுகொண்டிருந்தான், நிலம் என்று நினைத்துக்கொண்டு. கடலின் அடியில் நின்றவர் நெஞ்சளவு தண்ணீரில் சாகிறார், அதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தக் கோபத்தில் எனக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தேன்.

இருமினார். தண்ணீரைக் கக்கினார். உதடு நீலமாக இருந்தது. என் தோளில் சாய்ந்து மூச்சை இழுத்தவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அந்த மனிதன் கொஞ்சம் தள்ளி நின்று யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான்.

இவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். விழப்போகிறார் என்று பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். சோளகக் காற்றுக்கு எதிரே போகிற ஆள் மாதிரி முன்னால் சாய்ந்துகொண்டு, கம்பியும் இல்லாமல் நானும் இல்லாமல், சனத்தை நெஞ்சால் இடித்துக்கொண்டு போனார். நடந்து போனார். போய் அந்த மனிதனின் மூக்கில் குத்தினார். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்று குத்தினார். மூன்றாவதற்குக் கையை ஓங்கும்போது கால் சரிந்துவிட்டது. விழுந்தவரைத் தாங்கிப் பிடித்தது வேறு யாருமில்லை, மூக்கால் இரத்தம் கொட்டிக்கொண்டிருந்த அதே மொட்டைத் தலைக்காரன்தான். இருவரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு தூசணத்தால் ஏசிக்கொண்டு நின்றார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு வெடிக்கப் பார்த்தது.

முகாமையாளரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கழுத்துப் பட்டி கட்டிய இளம் ஆள். அந்த மனிதன் மூக்கில் ஐஸைப் பிடித்துக்கொண்டு ஒரு கதிரையில், நாங்கள் மறுபக்கம். யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவை முகாமையாளர் போட்டுக் காட்டினார். கலங்கிய தண்ணீர், சனம், நடுவில் இவர். கம்பியில் கை இல்லை. தலையும் தோளும் முன்னால் முன்னால் போகின்றன. முடிந்ததும் இவர் மேசைக்குக் குனிந்தார்.

"தம்பி, திரும்ப ஒருக்காப் போடும்," என்றார்.

குத்துகிற இடம் வருவதற்கு முன்னரே, "அது காணும், முதல்ல இருந்து போடும்," என்றார். அவர் பார்த்தது நடையை மட்டும்தான்.

முகாமையாளர் கெட்டவர் இல்லை. மூக்கு உடைந்தவரை மருந்து கட்ட வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, இது பொலிசுக்குப் போனால் எல்லாருக்கும் கரைச்சல். நான் ஒரு வழி சொல்லுறன். அண்ணை நடக்க ஏலாதவர் எண்டுதான் சலுகைப் பாஸ் தந்தனாங்கள். சனம் தள்ளினதில அவர் அடிபட்டுப் போய் அந்த ஆளில மோதுப்பட்டவர், அவர் ஒருக்காலும் தன்ர பாட்டில நடக்கிறவர் இல்லை எண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நான் விபத்து எண்டு முடிச்சுவிடுறன். பழைய விலைக்கே அடுத்த வருசமும் பாஸ் தாறன். காலமை வாசல் திறக்க முதலே உங்களை உள்ளுக்கு விடவும் சொல்லுறன்."

"அப்பிடிச் சொல்லாட்டி?"

"நடந்து போய் அடிச்சவர் எண்டால் பிறகு சலுகையும் இல்லை, உள்ளுக்கு வரவும் ஏலாது. இரண்டு பேருக்கும்."

நான் எதையும் சொல்ல அஞ்சாதவள். அந்தத் தண்ணீருக்காக எவன் காலிலும் விழுவேன், எந்தப் பொய்யையும் மாதாவின் முன்னால் நின்று சொல்லுவேன். வாயைத் திறந்தும் விட்டேன். வாசல் திறக்க முதலே உள்ளே போகலாம். சனம் இல்லாத தடாகம், ஒவ்வொரு நாளும், ஒரு வருடம் முழுக்க. ஒரே ஒரு வார்த்தைதான்.

இவர் வீடியோவிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நடப்பார்," என்றேன். "என்ர மனுசன் நடந்து போய்த்தான் அடிச்சவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

முகாமையாளர் பெருமூச்சு விட்டார். இரண்டு நீலப் பட்டியையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் இவர் என் தலைக் காயத்தைத் துவாயால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீர் அவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"உங்களுக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது?"

"எனக்கு அந்தத் தண்ணி வேணும்."

"தெரியும்," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வழக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் குடும்பம் விமானம் ஏறிப் போய்விட்டது. வேலணை அக்கா புது விலை கொடுக்க முடியாமல் உப்புக் கிணற்றுக்கே திரும்பிவிட்டார். பூங்கா இப்போதும் சனம் நிறைந்துதான் கிடக்கிறது, பஸ்கள் வருகின்றன, விலை இன்னொரு தடவை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இவர் யார் வீட்டுக்கு வந்தாலும் கதையைத் தொடங்கிவிடுவார்: தான் கம்பி இல்லாமல், ஆள் பிடிக்காமல், தடாகத்தின் நடுவால் நடந்து போய் எப்படி அவனுக்கு அடித்தார் என்று. கேட்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் ஓம் என்று தலையாட்டுவேன். காலையில் அவருக்கு எண்ணெய் தேய்ப்பது நான். கால்கள் மறுபடி மெலியத் தொடங்கிவிட்டன. என் கைக்குத் தெரிகிறது, ஆனால் அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.